கண்டன்சருக்கு ஜாமீன்

மனிதர்களுக்கு ஜாமீன் நின்று சீரழிந்தவர்களை எனக்குத் தெரியும். நான் ஜாமீன் நின்றது ஒரு கண்டன்சருக்கு. அதுவும் கோர்ட்டில் அல்ல. சேரன்மகாதேவியைத் தாண்டி ஆற்றோரத்து ஊர் ஒன்றில், பெண் பார்க்கப் போன வீட்டில், வாயில் பாதி வாழைக்காய் பஜ்ஜி இருக்கும்போது.

பெண் பார்த்தது என் மனைவியின் தம்பிக்கு. அவனும் நானும் ஒரே இடத்தில்தான் வேலை பார்க்கிறோம். கடலோரத்தில் இருக்கும் பழைய அனல்மின் நிலையம் அது. ஒரே இடம் என்றாலும் ஒரே வேலை அல்ல. நான் நிரந்தரப் பணியில் இருக்கும் இன்ஜினீயர். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவன். அவன் ஒப்பந்தத் தொழிலாளி. நிலக்கரி யார்டில் டோசர் ஓட்டுகிறான். கப்பலில் வந்து மலையாகக் குவிந்து கிடக்கும் கரியைத் தள்ளித் தள்ளிச் சமன் செய்வது அவன் பாடு. சாயங்காலம் வீடு திரும்பும்போது கண்ணையும் பல்லையும் வைத்துத்தான் ஆளை அடையாளம் காண வேண்டும். பேச்சும் குறைவு. ஆகவே அவனுக்கும் சேர்த்து நான் பேசுவது என்று குடும்பத்தில் ஓர் ஏற்பாடு, யாரும் என்னைக் கேட்காமலேயே, உருவாகியிருந்தது.

பெண்ணின் அப்பா நெல்லும் வாழையும் வைத்திருக்கிற விவசாயி. ஆள் நிதானம். எங்களை உட்கார வைத்து, மழை பற்றியும் அணைத் தண்ணீர் பற்றியும் பேசிவிட்டு, ரொம்பப் பைய அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"வேலை நெலைக்குமா சார்? பழைய மிஷினையெல்லாம் மூடப்போறோம்னு பேப்பர்ல போடுதானுவளே."

இதற்குச் சரியான பதில் "தெரியாது" என்பது. அதைவிட நாகரிகமான பதில், பஜ்ஜியைத் தின்று முடிப்பது. நான் இரண்டையும் விட்டுவிட்டு, "அந்த மிஷினுக்கு நான் பொறுப்பு" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "உங்க பேரன் படிச்சு முடிச்சு அதே மிஷின்ல வேலைக்கு வருவான். எழுதி வச்சுக்கோங்க" என்றும் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். "கார் நெல்லு அறுப்பு முடியட்டும் சார். யோசிச்சுச் சொல்லுதோம்" என்றார். பக்கத்தில் என் மச்சினன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காருக்கு வந்ததும் என் மனைவி கேட்டாள்:

"யாரைக் கேட்டு அந்த மிஷினுக்கு நீங்க பொறுப்பேத்தீக?"

"ஒரு நம்பிக்கை வரட்டுமேன்னு..."

"அவாளுக்கு வந்துச்சோ இல்லியோ, எனக்கு இருந்ததும் போயிட்டு."

இங்கே என் உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும். நான் இருப்பது திறன் பிரிவு. எவ்வளவு கரி உள்ளே போனது, எவ்வளவு மின்சாரம் வெளியே வந்தது, மிச்சம் எங்கே போனது என்று கேட்பதற்குச் சம்பளம். கல்யாண வீட்டுச் சமையல் கட்டில் நுழைந்து அரிசி எவ்வளவு, சோறு எவ்வளவு என்று கேட்கிறவனுக்கு என்ன மரியாதை கிடைக்குமோ அது எனக்கும் கிடைக்கும். கேள்வியின் விடை என்னவோ எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஊரார் மிஷின் என்பதை நாங்கள் யூனிட் என்போம். எங்கள் யூனிட் மாதிரி கிழட்டு யூனிட்டில், எரிக்கிற கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகும். மற்றது புகைபோக்கி வழியாக வானத்துக்கும், குளிர்நீர் வழியாகக் கடலுக்கும் போய்ச் சேரும். அந்த மூன்றில் ஒரு பங்கை இன்னும் ஒரு துளி கூட்ட முடியுமா என்பதுதான் என் வாழ்க்கை. வீட்டிலும் இந்தப் புத்தி போகாது. மூடாமல் கொதிக்கும் குழம்பைப் பார்த்தால் கை தானாகத் தட்டைத் தேடும். அதனாலேயே அடுக்களைப் பக்கம் எனக்கு அனுமதி இல்லை.

கண்டன்சர் என்பது டர்பைனுக்கு அடியில் இருக்கும், ஒரு வீடு பருமன் இரும்புப் பெட்டி. அதற்குள் மெல்லிய குழாய்கள் கற்றை கற்றையாக இருக்கும்; அவற்றில் கடல் தண்ணீர் ஓடும். டர்பைனைச் சுழற்றிக் களைத்து இறங்கும் நீராவி அந்தக் குழாய்களில் பட்டுத் தண்ணீராகும். ஊரளவு இருந்த நீராவி உள்ளங்கையளவு தண்ணீராகச் சுருங்கும்போது பெட்டிக்குள் ஒரு வெற்றிடம் உண்டாகும். நாங்கள் அதை வாக்குவம் என்போம். வாக்குவம் எவ்வளவு ஆழமோ, மேலிருந்து வரும் நீராவி அவ்வளவு வேகமாக இறங்கும், அவ்வளவு வேலை செய்யும். எங்கேயாவது ஒரு கீறல் வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்தால் போயிற்று. வாக்குவம் விழும், அதே மின்சாரத்துக்குக் கூடுதல் கரி எரிக்க வேண்டும். ஒன்றுமில்லாமையை இவ்வளவு பாடுபட்டுக் காக்கிற இடத்தை, தத்துவ நூல்களுக்கு வெளியே, நான் இங்கேதான் பார்த்தேன்.

பெண் வீட்டில் நடந்ததை மறுநாள் கண்ட்ரோல் ரூமில் என் நண்பரிடம் சொன்னேன். அவர் மேலப்பாளையத்துக்காரர், ஷிப்ட் இன்ஜினீயர். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. மூட்டுவலியும் ஒரே பக்கம். கண்ட்ரோல் ரூமில் ஒரு பழக்கம் உண்டு. யூனிட் எவ்வளவு அருமையாக ஓடினாலும் "நல்லா ஓடுது" என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மேலிடத்திலிருந்து போன் வந்து எப்படி ஓடுகிறது என்று கேட்டால், "ஏதோ ஓடுது சார்" என்பதுதான் பதில். "நல்லா" என்று சொன்ன ஷிப்டில் ஏதாவது ஒரு பம்ப் நின்றுவிடும் என்பது அங்கே அறிவியலுக்கு மேற்பட்ட உண்மை. நான் மட்டும் இதைக் கேலி செய்துகொண்டிருந்தவன்.

"பேரன் காலம் வரைக்கும் ஓடும்னா சொன்னீரு?" நண்பர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நானே ஷிப்ட் முடியுத வரைக்கும் ஓடுமான்னு துஆ செஞ்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். உமக்கு வாயிக்கு ஒரு வால்வு கிடையாதாவே?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"ஹயாத்து, ஆயுசைப் பத்திப் பேச்சுக்குச் சொல்லப்படாதுவே. மனுசனுக்கும் சொல்லப்படாது, மிஷினுக்கும் சொல்லப்படாது."

அந்த வாரமே சென்னையிலிருந்து தகவல் வந்தது. பழைய யூனிட்டுகளைச் சோதிக்க ஒரு குழு வருகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு வெப்பம் செலவாகிறது என்று அளப்பார்கள். வகுத்த எல்லைக்குள் இருந்தால் ஓடலாம். தாண்டினால் எங்கள் யூனிட்டை ஓரங்கட்டி வைத்துவிடுவார்கள். நிரந்தர ஊழியர்களுக்கு அதனால் ஒன்றுமில்லை, வேறு இடத்துக்கு மாற்றல் வரும். ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கு மாற்றல் என்று ஒன்று கிடையாது. வாசல் கேட்டோடு சரி.

நியாயமாகப் பார்த்தால் இது நடக்க வேண்டிய காரியம்தான். ஆடி, ஆவணியில் காற்றாலைகள் சுழற்றி அடிக்கும்போதும், நண்பகலில் கரிசல் காடு முழுக்கச் சோலார் தகடுகள் வெயிலைக் குடிக்கும்போதும், எங்களைக் "கொஞ்சம் குறைத்து ஓட்டு" என்பார்கள். குறைத்து ஓட்டினால் கிழட்டு யூனிட் இன்னும் கூடுதலாகக் கரி தின்னும். நாட்டுக்கு எது நல்லது என்று என்னைக் கட்டுரை எழுதச் சொன்னால் மூடிவிடுங்கள் என்றுதான் எழுதுவேன், மேற்கோளோடு எழுதுவேன். ஆனால் கட்டுரைக்கு மச்சினன் கிடையாது. எனக்கு இருந்தான்.

இந்த இடத்தில் எனக்குச் சுறுசுறுப்பு வந்தது. பொதுவாக எனக்குச் சுறுசுறுப்பு வராது; வந்தால் அக்கம்பக்கத்தார் ஒதுங்கிக்கொள்வது நல்லது. கண்டன்சரில் வாக்குவத்தை அளக்க ஏற்கெனவே இருக்கும் பழைய கேஜ் கொஞ்சம் முன்பின்னாகக் காட்டும். குழு வரும்போது துல்லியமான அளவு கையில் இருக்க வேண்டும் என்று, பரிசோதித்துச் சான்று வாங்கிய புது கேஜ் ஒன்றைக் கொண்டுவந்தேன். சோதனைக்கென்று கண்டன்சரின் கழுத்தில் விரல் பருமனில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு வால்வு. கேஜை அந்தக் குழாயில் என் கையாலேயே திருகி மாட்டினேன். வால்வைத் திறந்தேன். தினமும் நாலைந்து தரம் வந்து பார்க்க வேண்டும் என்பதால் திறந்தபடியே விட்டேன்.

மறுநாளிலிருந்து வாக்குவம் விழ ஆரம்பித்தது.

ஒரேயடியாக விழுந்திருந்தால் யாராவது உடனே ஓடி வந்திருப்பார்கள். இது வயதானவர்களின் எடை குறைவது மாதிரி, சந்தேகப்படுகிற அளவுக்கு மட்டும் குறைந்தது. கண்ட்ரோல் ரூம் கேஜில் கொஞ்சம் குறைவு. என் புது கேஜில் அதைவிடக் குறைவு. நான் பெருமையோடு, "பார்த்தீரா, உண்மையை என் கேஜ்தான் சொல்லுது" என்றேன்.

"நல்ல உண்மைவே. பெட்டியில போட்டுப் பூட்டி வையும்," என்றார் நண்பர்.

முதலில் கடலைச் சந்தேகப்பட்டோம். குளிர்நீர் எடுக்கும் இடத்தில் அவ்வப்போது சொறிமீன், அதாவது ஜெல்லி மீன், கூட்டமாக வந்து சல்லடையை அடைத்துக்கொள்ளும். போய்ப் பார்த்தோம். சொறிமீன் இல்லை, சிப்பி கொஞ்சம் இருந்தது. சுரண்டி எடுத்தோம். வாக்குவம் அசையவில்லை. அடுத்து பம்பைச் சந்தேகப்பட்டோம். பம்ப் தன் வயதுக்கு நன்றாகவே உழைத்தது. அடுத்து, உள்ளே சேரும் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் கருவியைச் சந்தேகப்பட்டோம். அதன் மேல் தப்பே இல்லை, பாவம். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அப்படியானால் எங்கோ ஒரு பொத்தல் இருக்கிறது, அது வழியாகக் காற்று உள்ளே போகிறது என்பது உறுதியாயிற்று.

இந்தப் பொத்தலைக் கண்டுபிடிக்க எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. அந்தக் காலத்தில் மெழுகுவர்த்தியை இணைப்பு இணைப்பாகக் காட்டிக்கொண்டு போவார்களாம். பொத்தல் இருக்கிற இடத்தில் சுடர் உள்பக்கம் சாயும். மேலே ஜெனரேட்டரைக் குளிர்விக்க ஹைட்ரஜன் வாயு ஓடுவதால் நெருப்பு கூடாது என்று அதை விட்டுவிட்டார்கள். இப்போது முகச்சவர நுரை. குழாய் இணைப்பைச் சுற்றி நுரையை அப்ப வேண்டும். இணைப்பு சரியாக இருந்தால் நுரை பொங்கல் பானை மாதிரி நிற்கும். பொத்தல் இருந்தால் நடுவில் குழி விழுந்து, உள்ளே போய்விடும்.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனைக் கடைக்காரர் என் முகத்தையும் நான் வாங்கும் நுரை டப்பாக்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வீட்ல விசேஷமா அண்ணாச்சி?"

"மச்சினனுக்குக் கல்யாணம் பேசியிருக்கு" என்றேன். சுற்றி வளைத்துப் பார்த்தால் அது உண்மை.

நுரையோடு இரண்டு பிட்டர்கள் கண்டன்சரைச் சுற்றி ஏறி இறங்கினார்கள். உஷ்ணம் தாங்காது, சட்டையைப் பிழிந்தால் வாளி நிறையும். நான் என் புது கேஜின் அருகே நின்றுகொண்டு, ஒவ்வொரு இணைப்பையும் பூசும்போது முள் அசைகிறதா என்று பார்த்துச் சத்தமாகச் சொல்வேன். ஒரு நாள் அவர்களில் மூத்தவர் நுரை டப்பாவோடு என் பக்கம் வந்தார்.

"இதையும் ஒரு இழுப்பு இழுத்துருவோமா சார்?"

"இது நம்ம புது கேஜ். இதுல என்ன இருக்கு? அங்கன பாருங்க, அந்தப் பெரிய இணைப்பு" என்று கையைக் காட்டினேன். அவர் போய்விட்டார்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். என் மனைவிக்கு டர்பைனுக்கும் கண்டன்சருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பாள்: "வாக்குவம் எப்படி இருக்கு?" ஆஸ்பத்திரியில் கிடக்கும் பெரியப்பாவைப் பற்றிக் கேட்கிற அதே குரல். நான், "நேத்தைக்கு இன்னைக்குக் கொஞ்சம் எறக்கம்தான்" என்பேன். அவள் நெஞ்சில் கை வைப்பாள். சுடுதண்ணீர் வைத்துத் தரட்டுமா என்று மட்டும்தான் கேட்கவில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கேயாவது "உஸ்" என்று சத்தம் வந்தால் திடுக்கிட்டேன். பஸ் கதவு, பால் பாக்கெட், பக்கத்து வீட்டுக் குக்கர், எல்லாமே என் யூனிட்டின் உயிர் போகிற சத்தமாகக் கேட்டன. சேரன்மகாதேவிப் பக்கமிருந்து ஒரு போனும் வரவில்லை. கார் அறுப்பு என்பது சும்மா சொன்ன சாக்கு, யாரோ அவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள் என்று நான் முடிவுக்கு வந்திருந்தேன்.

குழு வருவதற்கு முந்தின நாள் நிலக்கரி யார்டுக்குப் போனேன். எனக்கு அங்கே வேலை எதுவும் கிடையாது. மச்சினன் டோசரை நிறுத்திவிட்டு, அதன் நிழலில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தான். கூட நாலைந்து பேர். என்னைப் பார்த்ததும் மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள்.

"மாப்ளே, ஒருவேளை நாளைக்குக் கணக்கு சரியா வரலைன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் அத்தான்."

"யாரு சொன்னா?"

"உங்க மொகத்தைப் பாத்தா யார்டு பூரா தெரியும்." சோற்றைப் பிசைந்தான். பிறகு, மற்றவர்கள் பக்கம் தலையை அசைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "நானாச்சும் ஒண்டிக்கட்டை அத்தான். இந்த அண்ணனுக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளையள். அவரு உங்ககிட்ட வந்து கேக்கவா செய்யுதாரு? கெடக்கட்டும். நீங்க சாப்பிட்டீகளா?"

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். ஒரு பெண் வீட்டில் பீற்றிக்கொண்டதற்காகவே இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பயம் குறையவில்லை. கூடுதலாகக் கொஞ்சம் வெட்கம் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

குழுவின் தலைவி ஐம்பது வயதை ஒட்டிய ஒரு அம்மாள். பேச்சில் பட்டணம், நடையில் அவசரமே இல்லை. தலையில் ஹெல்மெட்டைச் சரியாகக் கட்டிக்கொண்டு வந்த ஒரே விருந்தாளி அவர்தான். யூனிட்டை முழு லோடில் ஓட்டி, எல்லா அளவும் நிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். வாக்குவம் விழுந்த இடத்தில் கிடந்தது. மனக்கணக்கில் போட்டுப் பார்த்தேன். எல்லைக்கு அந்தப் பக்கம்தான். திரும்பப் போட்டேன். அதே பக்கம்.

"வாக்குவம் கம்மியா இருக்கே சார்?" என்றார் அவர்.

"பொத்தல் தேடிக்கிட்டே இருக்கோம் மேடம். ஒரு இணைப்பு விடலை. எல்லாத்தையும் நுரை போட்டுப் பார்த்தாச்சு."

"நுரை வச்சா எப்படித் தெரியும்? எங்க ஆளுங்க ரெண்டு பேர் புதுசு, அவங்களுக்குக் காட்டுங்களேன்."

பாடம் நடத்தச் சொன்னால் மறுக்கிற தைரியம் எனக்கு என்றுமே இருந்ததில்லை. நுரை டப்பாவை வாங்கிக்கொண்டேன். "பொத்தல் உள்ள இணைப்பு கையில இல்லை. பழுதில்லாத இணைப்பு எப்படி இருக்கும்னு காட்டுறேன். இதோ, இது நானே மாட்டினது" என்று, என் புது கேஜின் கழுத்தைச் சுற்றி நுரையை அப்பினேன். வெள்ளையாக, அழகாக, கோபுரம் மாதிரி நின்றது.

"பார்த்தீங்களா, இப்படி அசையாம..."

நுரையின் நடுவில் ஒரு சின்னக் குழி விழுந்தது. கன்னத்தில் விழுவது போன்ற குழி. அது மெல்லச் சுழன்றது. பிறகு "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். என் கோபுரம் மொத்தமும் என் கண் முன்னால் உள்ளே இறங்கிப் போனது.

மூத்த பிட்டர் மேல்நோக்கி, கூரையில் ஏதோ முக்கியமானது இருப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்," என்றார் அந்த அம்மாள், கொஞ்சம்கூடச் சிரிக்காமல், "இதுதான் பழுதில்லாத இணைப்பா?"

வால்வை மூடினேன். கேஜைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே வைத்திருந்த செப்பு வாஷர் பழையது. ஒரு பக்கம் விரிசல். புது கேஜுக்கு நான் போட்ட பழைய வாஷர். கேஜ் அதிகமான நஷ்டத்தைக் காட்டியதற்கும் அதுவே காரணம். பொத்தல் அதன் கழுத்திலேயே இருந்ததால், உள்ளே பாயும் காற்றைத்தான் அது முதலில் அளந்தது. நஷ்டத்தை அளக்க வந்த கருவி நஷ்டத்தையும் உண்டாக்கி, அதைப் பெரிதாக்கியும் காட்டிக்கொண்டிருந்தது. வால்வை மூடி வைத்திருந்தாலாவது பொத்தலும் மூடியிருக்கும். நான்தான் கவலை தாங்காமல், எந்நேரமும் பார்க்க வேண்டும் என்று திறந்தே வைத்திருந்தேன்.

சுவரில் இருந்த போன் அடித்தது. மேலே கண்ட்ரோல் ரூமிலிருந்து நண்பர்.

"என்னவே செஞ்சீரு? வாக்குவம் ஏறுது! எதைத் தொட்டீரு?"

"வந்து... ஒரு வால்வை மூடினேன்."

"அப்படியே நில்லும்! கையை எடுக்காதேயும்! என்ன வால்வுவே அது?"

"அப்புறம் சொல்லுதேன்."

"ஏன், பக்கத்துல ஆளு நிக்குதா?"

"எல்லாருமே நிக்காங்க."

சோதனை முழுதாக நடந்தது. அந்த அம்மாள் என் எந்தக் கேஜையும் நம்பாமல் தன்னுடையதைக் கொண்டுவந்து மாட்டினார், புது வாஷரோடு. மாட்டியபின் நுரையும் வைத்துப் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கணக்கு எல்லைக்கு இந்தப் பக்கம் வந்தது. ஆனால் கோட்டை ஒட்டி, ஒரு கால் கோட்டின் மேலேயே இருக்கிற மாதிரி வந்தது. முடிவு சென்னையில்தான் எடுப்பார்கள் என்றார். போகும்போது, "நுரை நல்ல பிராண்டு சார்" என்றார். அது பாராட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதன்பின் வந்த காத்திருப்பில் சந்தேகப்பட ஒரு பொத்தல்கூட இல்லாதது பெரிய கஷ்டமாக இருந்தது. வாக்குவம் குன்று மாதிரி நின்றது. அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. மனைவி கேட்டால், "ஏதோ இருக்கு" என்றேன். யார்டு வழியாகப் போவதைத் தவிர்த்து, சுற்றுப் பாதையில் கேண்டீனுக்குப் போனேன். பஸ் வல்லநாட்டைத் தாண்டும்போதெல்லாம் வழியில் அறுப்பு முடிந்த வயல் எத்தனை, முடியாத வயல் எத்தனை என்று பார்த்துக்கொண்டே வந்தேன். அந்த வருஷம் தாமிரவருணிப் பாசனத்தில் கார் அறுப்பை என்னைவிடக் கவலையோடு கவனித்த விவசாயி யாரும் இருக்க முடியாது.

கடைசியில் சென்னையிலிருந்து முடிவு வந்தது. யூனிட் இப்போதைக்கு ஓடட்டும், அடுத்த வருஷம் மறுபடியும் பார்க்கலாம் என்று. இப்போதைக்கு. பேரன் காலத்துக்கும் இதற்கும் நடுவில் நிறைய இடைவெளி இருந்தது. இருந்தாலும் யார்டில் அன்று யாரோ எல்லோருக்கும் மிக்சர் வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டு பெண் பிள்ளைகள் உள்ள அந்த மனிதர் என்னிடம் பொட்டலத்தை நீட்டி, "எடுங்க சார், நீங்கதான் கண்டுபிடிச்சீகளாமே" என்றார். உண்மையைச் சொல்லி அவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று வாங்கித் தின்றேன். அந்த வாரக் கடைசியிலேயே சேரன்மகாதேவிப் பக்கமிருந்து போன் வந்தது: நிச்சயத்துக்கு நாள் பார்க்கலாம்.

எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. வால்வை மூடினேன், வாக்குவம் ஏறியது, யூனிட் பிழைத்தது, கல்யாணம் கூடியது. காரண காரியத் தொடர்பு இவ்வளவு சுத்தமாக அமைவது விஞ்ஞானத்திலேயே அபூர்வம்.

நிச்சயதார்த்தத்தன்று பெண் வீட்டில் நல்ல கூட்டம். பந்தியில் என் இலைக்கு நேராகப் பெண்ணின் அம்மா சொதி ஊற்றிக்கொண்டு வந்தார்கள். முதல் தடவை வந்திருந்தபோது அவர்கள் பேசி நான் கேட்டதில்லை. கண்ட்ரோல் ரூம் பழக்கத்தையெல்லாம் மறந்துவிட்டு, நான் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்: "கவலைப்படாதீங்கம்மா. மிஷின் பாஸாயிட்டு. நான் சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேன்."

அவர்கள் கரண்டியை நிறுத்திவிட்டு, எந்த மிஷின் என்று யோசிக்கிற மாதிரி என்னைப் பார்த்தார்கள். பிறகு ஞாபகம் வந்துவிட்டது.

"அதுவா அண்ணாச்சி? அன்னைக்கு நீங்க காருல ஏறினதுமே இவுக சொல்லிட்டாக, இந்தாளு இம்புட்டு அடிச்சுப் பேசுதாரு, அப்படின்னா அது மூடப்போற மிஷினுதான்னு. பையன் உங்க கூடச்சேந்து பொய் சொல்லாம கம்முனு இருந்தான்லா, அதுக்குத்தான் பொண்ணு குடுக்கோம். சோறு இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?"